அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது

"எனக்கு வேண்டாம் மேடம். மத்தியானத்துக்கு மேல நான் காப்பி தொடறதில்ல. தூக்கம் கெட்டுடும்."

"காப்பி கிடக்கட்டும்மா. ரம்பம் எங்க?"

"அதான் சொல்றேனே. ரம்பம்னா என் தம்பி."

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். ஒருத்திக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை அது. உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். நான் மாடிப்படியில் நின்று தொழிற்சாலைத் தோழி ஒருத்தியிடம் போனில் வேடிக்கையாகப் பேசியதை எதிர்வீட்டுத் தையல்காரம்மா வார்த்தை பிசகாமல் உங்களிடம் ஒப்பித்திருக்கிறார். "ரம்பத்தை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டேன்பா. இப்பல்லாம் தினமும் அறுவைதான். நிம்மதியா இருக்கு." இப்படித்தான் சொன்னேன். மறுக்கவில்லை. அந்தம்மாவின் காது அவ்வளவு சுத்தம்.

ஆனால் நேற்று உங்கள் ஆட்கள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது என் தம்பி கட்டிலில் முழுசாகப் படுத்திருந்தான். கை, கால், தலை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். அப்படியானால் இவள் வேறு யாரை அறுத்தாள் என்று இப்போதும் இரண்டு பேர் என் சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், கூப்பிட்டுவிடுங்கள். நான் யாரையும் அறுக்கவில்லை. அறுத்தது அவன். நான் அறுபட்டேன். விரும்பி அறுபட்டேன்.

பேசியே கழுத்தை அறுப்பவனை ரம்பம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் தம்பிக்கு அந்தப் பட்டம் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டது. அவனும் கோபப்படவில்லை. "ரம்பம் நல்ல சாமான்தானே அக்கா, அது இல்லாம ஒரு கதவு செய்ய முடியுமா?" என்று கேட்டு, கதவுகளைப் பற்றிச் சாப்பாடு முடியும்வரை பேசினான். வளர்ந்து குழாய்ச் சாமான் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வாஷர், நட்டு, குழாய்மூடி. அவன் இயல்புக்கு அதைவிடப் பொருத்தமான வேலையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குழந்தைகளுக்கான மருந்து ஊற்றும் சின்னப் பாட்டில்கள். பெல்ட்டில் அவை வரிசையாக வரும். பின்னால் வெள்ளை விளக்கு எரியும். கீறல், குமிழி, வாயில் பிசிறு இருப்பதை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பார்ப்பதுதான் என் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். காலை, மதியம், இரவு, மறுபடி காலை. உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். சொன்னவருக்கு ஷிப்ட் வேலை இல்லை போலிருக்கிறது. என் நித்திரைக்கு எல்லாமே தெரிந்திருந்தது. மெத்தை எது, தலையணை எது, ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் எது என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போய்விடும், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

என்ன செய்யவில்லை என்று கேளுங்கள். வெந்நீரில் கால் வைத்தேன். பால் குடித்தேன். மூச்சை நாலாக இழுத்து எட்டாக விட்டேன். கறுப்புத் திரை வாங்கி மாட்டினேன். எண்ணிக்கொண்டே படு என்றார்கள், எண்ணினேன். ஆனால் எனக்கு எண்ணத் தெரிந்தது பாட்டில்களை மட்டும்தான். எண்ணும்போதே ஒன்றில் கீறல் தெரியும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். டாக்டர், "தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க" என்றார். "என் ஷிப்ட்டே வாரத்துக்கு ஒரு தடவை மாறுதே டாக்டர்" என்றேன். "அப்போ வேலையை மாத்துங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையைப் போட்டால் என் கால் மட்டும் தூங்கியது. கண் விழித்துக்கொண்டு காலுக்குக் காவல் இருந்தது.

தூங்காதவள் கண்ணுக்கு எல்லாப் பாட்டிலிலும் கீறல் தெரியும். "என்னம்மா, இன்னிக்கும் எல்லாரையும் கொன்னுட்டியா?" என்று தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரிப்பார் சூப்பர்வைசர். சில நாள் நேரெதிராகவும் நடக்கும். கீறல் கண்ணெதிரே போகும், தெரியாது. அப்படி ஒன்று ஒரு மருத்துவமனைவரை போய்த் திரும்பி வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் சூப்பர்வைசர் அன்று சிரிக்கவில்லை. "இன்னொரு தடவைன்னா என்னால காப்பாத்த முடியாதும்மா" என்றார்.

அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். சோபாவில் சாய்ந்திருந்தேன். தம்பி கடையிலிருந்து சாப்பிட வந்தவன் எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. செவ்வாய்க்கிழமையே வந்திருக்கணும். செவ்வாயா? இல்ல, திங்களே வரேன்னாரு. திங்கள் நான் லேட்டு. லேட்டுன்னா ரொம்ப லேட்டு இல்ல. நீலச் சட்டை போட்டவரு. நீலம்னு சொல்ல முடியாது, சாம்பல்ல கொஞ்சம் நீலம் கலந்தா வருமே, அது. கலந்தான்னா நிறையக் கலந்தா இல்ல..."

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இடம் மாறியிருந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். சட்டையைத் தாண்டிப் பித்தானுக்கு வந்திருந்தான். கடைக்குத் திரும்பிப் போகவே மறந்துவிட்டான். நான் எழுந்து முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்தேன். நான் அழகாகக்கூட இருந்தேன், மேடம்.

பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்தேன். போனில் போட்டுக் கேட்டால் வேலைக்கு ஆகவில்லை. அடுத்து சாம்பல் வரும், அதற்கடுத்து பித்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் மனம் அதற்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறது. காத்திருப்பவர்களால் தூங்க முடியாது. ரம்பம் புதிதாக ஓட வேண்டும்.

ஆகவே என் ஷிப்ட் முடிந்து நான் படுக்கும் நேரத்தில் அவன் வந்து பேசுவது என்று ஏற்பாடாயிற்று. அவனுக்கு அதில் சந்தோஷம்தான். உலகத்தில் ஒரு ஆள் அவன் பேச்சை முடிவுவரை கேட்கிறாளே. "நீதான் அக்கா பொறுமையா கேக்கற. மத்தவங்கல்லாம் பாதியில எழுந்து போயிடறாங்க" என்றான். நான் எழுந்து போகவில்லை என்பது உண்மைதானே.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் கடைக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை தீப்பிடித்தது.

மூச்சிரைக்க வந்தான். "படார்னு ஒரு சத்தம் அக்கா. பார்த்தா, கூரை இல்ல." கிழமை சொல்லவில்லை. சட்டை நிறம் சொல்லவில்லை. கூரை இல்லை என்றான், அவ்வளவுதான். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று நானே கேட்டேன். அன்று நான் தூங்கவில்லை. மறுநாளும் தீயையே சொன்னான், மறுநாளும் தூங்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் வாழ்க்கையில் ஏதாவது நடந்தால் என் தூக்கம் போய்விடும்.

அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்த எந்த அக்காவும் மனதில் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நானும் அதையேதான் வேண்டினேன். மற்ற அக்காக்கள் வேண்டுவதோடு விட்டுவிடுவார்கள். நான் பொறுப்பெடுத்துச் செய்தேன்.

சின்னச் சின்னதாகத்தான். கடை முதலாளி அவனைத் துறைமுகக் கிளைக்கு அனுப்ப நினைத்தார். கப்பல், புது ஊர், புது மனிதர்கள். நான் போய், "சார், அவனுக்கு அப்பப்ப வலிப்பு வரும், வெளியில சொல்லிக்கறதில்ல" என்றேன். நல்ல மனுஷர், கண் கலங்கிவிட்டார். தம்பி நீச்சல் கற்றுக்கொள்ளப் பணம் கட்டியிருந்தான். குளத்தை மூடிவிட்டார்கள் என்றேன். நண்பர்கள் மலைக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது. ஒவ்வொரு தடவையும் அவன், "பரவால்ல அக்கா" என்றான். நல்ல பிள்ளை. மறுபடி வாஷருக்குத் திரும்பினான். நான் தூங்கினேன். பாட்டில்கள் சுத்தமாகப் போயின. எத்தனை குழந்தைகள் கண்ணாடித் துண்டு இல்லாத மருந்து குடித்தார்கள் என்பதையும் உங்கள் எழுத்தரை எழுதச் சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. குழாய் ஒழுகுகிறது என்று வாஷர் வாங்க வந்தவள். அவன் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது எனக்குக் கவலையே இல்லை. வாஷர் என்ற சொல்லுக்கே என் இமை இறங்கிவிடும். அரை இஞ்ச் கேட்டாள், அரை இல்லை முக்கால், குழாய் பழசு, பழசு என்றால் ரொம்பப் பழசில்லை என்று வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

"அவ சிரிச்சா, அக்கா."

கண்ணை மூடியபடி காத்திருந்தேன். சிரிச்சான்னா சிரிச்சான்னு சொல்ல முடியாது என்று தொடர்வான் என்று. தொடரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தீயைத் தவிர, அவன் பிறந்து வளர்ந்த காலத்தில் ஒரு வாக்கியத்தை அவன் முடித்து நான் கேட்டதில்லை, மேடம்.

அதற்குப் பிறகு அவன் பேச்சே கெட்டுப்போனது. வந்தா, போனா, பார்த்தா என்று எல்லாம் ஒற்றைச் சொல். "நான் பேசினா அவளுக்கு நேரம் போறதே தெரியலையாம்" என்றான். எனக்கும்தான் தெரிந்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் வித்தியாசம். ஒரு நாள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். "கல்யாணம் பண்ணிக்கப் போறோம் அக்கா. அவங்க அம்மா வீடு கடல் பக்கத்துல இருக்கு. அங்கேயே ஒரு கடை வச்சுக்கலாம்னு சொல்றா."

"எப்போ?"

"அடுத்த மாசம்."

எந்தக் கிழமை என்று கேட்டேன். ஒரு நப்பாசைதான். "வியாழக்கிழமை" என்றான். உடனே சொன்னான். யோசிக்காமல் சொன்னான்.

நான் தூங்காத அந்த வாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சூப்பர்வைசர் என்னை பெல்ட்டிலிருந்து நகர்த்தி அட்டைப்பெட்டி மடிக்கச் சொன்னார். மடித்துக்கொண்டே நிதானமாக யோசித்தேன். டாக்டர் எழுதிய மாத்திரை அலமாரியில் நிறைய மிச்சமிருந்தது. எனக்குப் பலிக்கவில்லை என்பதற்காகக் காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அவன் காப்பியில் பொடித்துப் போட்டேன். தட்டில் தலை சாய்ந்துவிட்டான். எழுந்ததும், "நீ மயங்கி விழுந்துட்டடா. டாக்டர் வந்து பார்த்தாரு. உனக்கு இதயம் பலவீனமாம். அதிர்ச்சி கூடாது, சந்தோஷமும் கூடாதுன்னுட்டாரு" என்றேன்.

"சந்தோஷமுமா?"

"அதுதான் ரொம்ப ஆபத்தாம்."

அவன் நம்பினான். நான் சொல்லி அவன் நம்பாதது எதுவுமில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருவார்கள். பழம் கொண்டு வருவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். பார்க்க வருவதே ஒரு சம்பவம். எந்த நிலையில் இருக்கிற மனிதனை யாரும் இரண்டாவது தடவை பார்க்க வருவதில்லை என்று யோசித்தேன். ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது. கடை முதலாளிக்குப் போன் செய்து தம்பி போய்விட்டான் என்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடமும் அதையேதான் சொன்னேன், சொந்த ஊரில் வைத்து எல்லாம் முடித்துவிட்டோம் என்று. அதனால்தான் நான் போனில் ரம்பம் என்றதும் அவருக்குத் தம்பி ஞாபகம் வரவில்லை. இறந்தவனை எப்படிப் பூட்டி வைப்பாள், நிஜ ரம்பமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்வது மரியாதை இல்லை. அவள் யாருடைய கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "ஒரு வாஷரைப் பத்திச் சொல்லிட்டிருந்தான்" என்றேன். அது பொய்யில்லை. பிறகு ஒருநாள் வீட்டு வாசல்வரை பூக்கொத்தோடு வந்தாள். கதவை ஒருக்களித்து வாங்கிக்கொண்டேன். "யாரு அக்கா பூ குடுத்தது?" என்று உள்ளிருந்து கேட்டான். தொழிற்சாலையில் கொடுத்தார்கள் என்றேன். அழகா இருக்கு என்று அவன் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தன் சாவுக்கு வந்த பூவை.

அதன் பிறகு அறை. கறுப்புத் திரை ஏற்கெனவே இருந்தது. போன் அதிர்வு இதயத்துக்கு ஆகாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் இனி பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியதாகச் சொன்னேன். அழுதான். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் கெட்டது, பொறுத்துக்கொண்டேன். நான் வேலைக்குப் போகும்போது காப்பியும் மாத்திரையும் கொடுத்து வெளியே பூட்டிவிட்டுப் போவேன். திரும்பி வந்து எழுப்புவேன். என் ஷிப்ட் மாறினால் அவன் ஷிப்ட்டும் மாறும். ஒருமுறை ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அதைப் பற்றி மூன்று நாள் கண் பளபளக்கப் பேசினான். அதனால் ஜன்னலை பாட்டில் வரும் அட்டைப்பெட்டியால் அடைத்தேன்.

பிறகு வந்த வாரங்கள்தான் மேடம், என் ஆயுளில் நான் உண்மையாகத் தூங்கியவை. அவனுக்குச் சொல்ல எதுவுமே மிச்சமில்லை. சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது என்பான். நேற்றும் இருந்தது என்பான். நேற்றா, அதற்கு முந்தின நாளா என்பான். தூங்கினா வெடிப்பு தெரியாது, தூங்கலைன்னா தெரியும், தூங்கலைன்னா முழுசா தூங்கலைன்னு இல்ல. அந்தக் குரல் தண்ணீர் மாதிரி வரும். நான் கல் மாதிரி இறங்குவேன். தொழிற்சாலையில் என்னை மறுபடி பெல்ட்டில் நிறுத்தினார்கள். புதிதாக வந்த பெண்களிடம் சூப்பர்வைசர் என்னைக் காட்டி, "கண்ணுன்னா இவங்க கண்ணு" என்றார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அவன் வெடிப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான்.

"அக்கா, நான் செத்துட்டேனா?"

"என்னடா உளர்றே?"

"யாருமே வரலியே. செத்தாத்தானே யாரும் வரமாட்டாங்க."

நல்ல கேள்வி. அதனால் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவன் காப்பியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்தேன். கேள்வி கேட்காத அளவுக்கு வேண்டும் என்றுதான். மூச்சு நிற்கிற அளவு எது என்று எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் கேட்கவுமில்லை. நேற்று உங்கள் ஆட்கள் அவனை எழுப்ப அவ்வளவு பாடுபட்டது அதனால்தான். உங்கள் டாக்டர் இன்னும் ஒரு வேளை மாத்திரை உள்ளே போயிருந்தால் என்று ஏதோ சொன்னாராமே. டாக்டர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்வார்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கலந்தேன். பூட்டி வைத்தேன். உயிரோடு இருக்கிறவனை ஊரெல்லாம் சாகடித்தேன். அவனுக்கு வரவிருந்த கடலையும் கல்யாணத்தையும் வியாழக்கிழமையையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை வெறுத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். என் தம்பிமேல் எனக்கு இருந்த பாசத்துக்கு அளவே கிடையாது. அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது.

காலையிலிருந்து அவன் பக்கத்து அறையில் உங்கள் ஆளிடம் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறான் இல்லையா? ஒரே ஒரு தடவை கதவு திறந்தபோது எட்டிப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தவரின் தலை மேசையில் சாய்ந்திருந்தது. நீங்கள் சொல்லி அனுப்பி வந்த அந்தப் பெண்ணும் உள்ளே இருக்கிறாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு நேரமாகக் கேட்டும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பாவம், அவளுக்கும் ஏதோ கோளாறு. நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை, மேடம். மன்னிக்கச் சொல்லியும் கேட்கப்போவதில்லை. வார்த்தைகூட வேண்டாம், சத்தம் போதும். நேற்றிலிருந்து நான் கண் மூடவில்லை. நாளைக்குக் காலை ஷிப்ட்.

"அந்தக் கதவை மட்டும் ஒரு விரக்கடை திறந்து வைக்கச் சொல்றீங்களா?"